ஸ்பீடு டெஸ்ட்டில் 100... வீடியோ காலில் ஃப்ரீஸ்! உங்க நெட்டுக்கு நிஜமாவே எல்லை போடுறது யாரு?

மாசம் பொறந்தா கரெக்டா பில் கட்டிடுறீங்க. பிளான்ல 100 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கு. ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிப் பார்த்தா 94, 96-ன்னு காட்டவும் செய்யுது. ஆனால், ஹாலில் ஒருத்தர் பெரிய ஃபைல் ஒன்றை டவுன்லோட் போட்டதும், உள் ரூமில் தங்கச்சியின் ஆன்லைன் இன்டர்வியூ அப்படியே உறைந்து நிற்கிறது. தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் ஆறு பேர் ஷேர் பண்ணித் தங்குற பேச்சுலர் ரூம் என்றால் கேட்கவே வேண்டாம். "எவன்டா டவுன்லோட் போட்டது?" என்ற கேள்வியில்தான் பாதி சண்டை ஆரம்பிக்கும்.

இந்தச் சண்டையில் எல்லோரும் பேசுறது வேகத்தைப் பற்றி. யாரும் பேசாத இன்னொன்று இருக்கு: எண்ணிக்கை. அதாவது, உங்கள் கருவி ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளைத் திறக்கலாம், எத்தனையைத் தாங்கிப் பிடிக்கலாம் என்ற கணக்கு. இதற்கு ஒரு எல்லை எப்போதுமே இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் அந்த எல்லையை வைத்தது உங்கள் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ். இன்னைக்கு அது வேற ஒரு இடத்துக்கு மாறிடுச்சு. எங்கே மாறியது என்பதைத் தெரிஞ்சுக்க, கொஞ்சம் பின்னாடி போகணும்.

பத்து கவுன்டர் கதை

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல் 'டேட்டாஒன்' பிராட்பேண்டை அறிமுகப்படுத்தியது. அப்போ நான் மூணாங்கிளாஸ். ஆரம்ப வேகம் 256 கேபிபிஎஸ். அதாவது, நொடிக்கு 32 கிலோபைட். இந்த வேகத்தில் ஒரு சிடி அளவு ஃபைல், அதாவது 700 எம்.பி இறங்க ஆறு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே ஆகும். சில பிளான்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை அன்லிமிடெட். கணக்குப் போட்டுப் பாருங்க, அதுவும் சரியா ஆறு மணி நேரம்தான். அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டுவிட்டுப் படுத்த ஒரு தலைமுறையே நம்ம ஊரில் உண்டு. உங்க அண்ணன்களைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

அந்த அண்ணன்கள் நம்பிக்கையோடு திட்டித் தீர்த்த ஒரு விஷயம், விண்டோஸ் எக்ஸ்பி-யின் சர்வீஸ் பேக் 2. 2004 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட் அது. அதில் சத்தமில்லாமல் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஒரே நேரத்தில் 10 'பாதி திறந்த' இணைப்புகளுக்கு மேல் கூடாது.

பாதி திறந்ததுன்னா என்ன? தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரை நினைச்சுக்குங்க. ரயிலில் இடம் இருக்கு, பிளாட்ஃபாரமும் பெருசு. ஆனால், கவுன்டர் பத்துதான். டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. கவுன்டர் முன்னாடி நிற்கிறவர்களுக்குத்தான் கணக்கு. இணைப்பும் அப்படித்தான். உங்கள் கம்ப்யூட்டர் ஒரு 'ஹலோ' சொல்லும், எதிர்ப்பக்கம் 'ஹலோ, கேட்குது' என்று பதில் வரும், திரும்ப நீங்கள் 'சரி' என்பீர்கள். அந்தப் பதில் வரும்வரை இணைப்பு பாதிதான் திறந்திருக்கு. பதில் வந்துவிட்டால் எக்ஸ்பிக்குக் கவலை இல்லை, அந்த மாதிரி முழு இணைப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம்.

சாதாரணமா இணையதளம் பார்க்கிறவருக்கு இது உறைக்கவே உறைக்காது. பதில் ஒரு நொடிக்குள் வந்துடும், கவுன்டர் காலியாகிடும். டோரன்ட் ஓட்டும்போதுதான் சிக்கல். 2001-ல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரன்ட் முறையில், ஃபைலை ஒரே சர்வரிலிருந்து வாங்காமல், அதே ஃபைலை வைத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களிடமிருந்து துண்டு துண்டா வாங்குவார்கள். அந்தப் பட்டியலில் பாதிப் பேர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். (நம்ம ஊர் மின்வெட்டுக் காலத்தில் இதற்குத் தனியா காரணமே வேண்டாம்.) அவர்களுக்கும் உங்கள் கம்ப்யூட்டர் 'ஹலோ' சொல்லும். பதில் வராது. 3 நொடி காத்திருந்து மறுபடி ஒரு ஹலோ, அப்புறம் 6 நொடி, அப்புறம் 12 நொடி. மொத்தம் 21 நொடி ஒரு கவுன்டர் வீண். பத்து கவுன்டரிலும் இப்படிப் பத்து பேர் நின்றுவிட்டால், நீங்கள் மெயில் திறக்க அனுப்பிய ஹலோ அவர்களுக்குப் பின்னாடி வரிசையில்தான் நிற்கணும்.

"டோரன்ட் போட்டா பிரவுசிங் படுத்துடுது" என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதற்கு இது ஒரு காரணம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4226 என்ற எண்ணோடு ஓர் எச்சரிக்கையும் பதிவாகும். அந்த எண்ணை மனப்பாடமா சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் இருக்காங்க.

மைக்ரோசாஃப்ட்டுக்கு ஏன் இந்த வேலை?

2003 ஆகஸ்ட்டில் 'பிளாஸ்டர்' என்ற வார்ம் பரவியது. 2004 மே வாக்கில் 'சாஸர்'. இரண்டுமே யாரும் எந்த ஃபைலையும் கிளிக் செய்யாமல் தானாகவே பரவியவை. மாட்டிக்கொண்ட ஒரு கம்ப்யூட்டர், கண்ணில் படுகிற முகவரிக்கெல்லாம் நொடிக்குப் பல என்ற கணக்கில் ஹலோ சொல்லிக்கொண்டே போகும். பூட்டாத கதவு எங்கே இருக்கு என்று தெரு முழுக்கத் தட்டிப் பார்ப்பது மாதிரி. 60 நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும் என்று கவுன்ட்டவுன் ஓடிய அந்த பாக்ஸை பிரவுசிங் சென்டரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பத்து கவுன்டர் என்ற எல்லை, இந்தத் தட்டுகிற வேகத்தைக் குறைக்கத்தான். ஆக, நோக்கம் நியாயமானது. ஆனால், முடிவை எடுத்த விதம்தான் இடிக்குது. அந்த எண்ணைப் பயன்படுத்துகிறவரே மாற்றிக்கொள்ள ஒரு செட்டிங் தரவில்லை. காசு கொடுத்து வாங்கிய மெஷின், கரன்ட் பில் நம்முடையது, எல்லை மட்டும் ரெட்மண்டில் உட்கார்ந்து போட்டது.

கதவைப் பூட்டினால் ஜன்னல் வழியா வருவோம் என்று கிளம்பியவர்கள், விண்டோஸின் 'டிசிபிஐபி' சிஸ்டம் ஃபைலையே மாற்றும் பேட்ச்களைப் பரப்பினார்கள். 10-ஐ 50 ஆக்கு, 100 ஆக்கு! இன்டர்நெட்டோடு பேசுகிற இதயப் பகுதியை, யாரென்றே தெரியாத ஒருவரின் தளத்திலிருந்து இறக்கி மாற்றுவது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்று அப்போது பலருக்கும் தோணலை. ஆன்டிவைரஸ்கள் அலறின. அடுத்த விண்டோஸ் அப்டேட் வந்து பழைய ஃபைலையே திரும்ப வைத்துவிட்டுப் போகும். மறுபடி பேட்ச்.

சரி, வேகமாவது கூடியதா? டவுன்லோட் சூடு பிடிக்க ஆகும் நேரம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். 256 கேபிபிஎஸ் லைனில் கவுன்டரை நூறாக்கினாலும் ரயில் அதே ரயில்தானே? யுடோரன்ட் இதைப் புத்திசாலித்தனமா கையாண்டது. பாதி திறந்த இணைப்புகளைத் தானாகவே 8-க்குள் வைத்துக்கொண்டு, பிரவுசருக்கு இரண்டு கவுன்டரை விட்டுக்கொடுத்தது.

நிஜ வில்லன் வேற ஒருத்தர். ஏடிஎஸ்எல் லைனில் அப்லோட் பாதை ரொம்பக் குறுகல். டோரன்ட் அந்தப் பாதையை முழுசா அடைத்துவிட்டால், டவுன்லோடுக்கு 'கிடைச்சுது, அடுத்ததை அனுப்பு' என்று திரும்பிப் போகிற சின்னச் சின்னச் செய்திகள்கூட மாட்டிக்கொள்ளும். வாசலில் லாரி நின்னா, தெருவில் சைக்கிளும் போகாது. இதற்குத் தீர்வாக, மற்றவர்கள் லைனைப் பயன்படுத்தும்போது தானே ஒதுங்கிக்கொள்ளும் 'யுடிபி' முறை 2010-ல் யுடோரன்ட்டில் வந்தது. அதற்கு முன்பே, 2009-ல் விஸ்டா சர்வீஸ் பேக் 2-லும் விண்டோஸ் 7-லும் பத்து கவுன்டர் எல்லையை மைக்ரோசாஃப்ட்டே எடுத்துவிட்டது.

ஆனால், 2012-ல் சென்னை டோரன்ட் ஆட்களுக்கு வேறு ஓர் எல்லை வந்தது. '3' படத்தின் திருட்டுப் பிரதிகளுக்கு எதிராக சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவைக் காட்டி, அந்த மே மாதம் இன்டர்நெட் நிறுவனங்கள் சில தளங்களையே முழுசா முடக்கின. அதில் விமியோவும் மாட்டியது. குறிப்பிட்ட லிங்க்குகளை முடக்கினால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகுதான் நிலைமை சரியானது. எல்லை கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை, நெட் கொடுக்கிறவர் கையிலும் இருக்கு என்பதை நம்ம ஊர் நேரடியா பார்த்த சம்பவம் அது.

பிரவுசர் போட்ட கணக்கு

இணைப்பு நிறைய இருந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை இன்னும் போகலை. 1999-ல் வந்த இணைய விதிமுறை, ஒரு சர்வருக்கு இரண்டு இணைப்பு போதும் என்றது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 வரை அதைத்தான் கடைப்பிடித்தது. 2009-ல் வந்த எட்டாவது வெர்ஷன் அதை ஆறாக்கியது. குரோமும் பழைய முறையில் பேசும் தளங்களுக்கு ஆறுதான் திறக்கும். 2015-ல் வந்த ஹெச்டிடிபி/2 இந்தப் போட்டியையே முடித்துவைத்தது. ஒரே இணைப்பில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கேட்டு வாங்கலாம். 2022-ல் ஹெச்டிடிபி/3 இன்னும் ஒரு படி மேலே போனது.

அதனால், ப்ளே ஸ்டோரில் 'நெட் பூஸ்டர்' என்று ராக்கெட் படம் போட்டு வருகிற ஆப்களை நம்பாதீங்க. ரூட் பண்ணாத ஆண்ட்ராய்டில் இணைப்பு எல்லையை ஒரு ஆப்பால் தொடவே முடியாது. பின்னணி ஆப்களை மூடும், டிஎன்எஸ்ஸை மாற்றும், இல்லையென்றால் ஒரு விபிஎன்னை ஓட்டும். கடைசி வகையில் உங்கள் மொத்த டிராஃபிக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் சர்வர் வழியா போகும். 2005-ன் பேட்ச் கதைதான், ராக்கெட் ஐகான் மட்டும் புதுசு.

ஆஃபீஸில் இருபது, போனில் ஆறு

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் எல்லைகள் முழுசா போயிடுச்சா என்றால், இல்லை. முடிச்சூர் ரோட்டிலோ வேளச்சேரி மெயின் ரோட்டிலோ ஒரு ஆடிட்டர் ஆஃபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலையும் போட்டு ஃபோல்டரை ஷேர் பண்ணியிருப்பார்கள். ஆட்கள் கூடக் கூட, ஒருநாள் 'இதற்கு மேல் இணைக்க முடியாது' என்று எர்ரர் வரும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் பண்ணுவார்கள். அது வைரஸ் இல்லை, லைசென்ஸ் எல்லை. எக்ஸ்பி ஹோமில் 5, எக்ஸ்பி புரொஃபஷனலில் 10, விண்டோஸ் 7-லிருந்து இன்றைய 11 வரை 20 கருவிகள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சர்வர் வெர்ஷன் வாங்கணும், அல்லது பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு சம்பா ஓட்டணும். பின்னது இலவசம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. அதையொட்டி 11-க்கு மாறிய சின்னச் சின்ன ஆஃபீஸ்களில் 'ஷேர் ஃபோல்டர் திறக்கலை' என்பது பொதுவான புலம்பல். 11-இன் 24ஹெச்2 வெர்ஷனிலிருந்து, புரோ பதிப்புகளில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேரிங்கை இயல்பாகவே மறுக்கிறார்கள். பழைய ஸ்டோரேஜ் பெட்டிகளும் ஸ்கேனர்களும் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும். செட்டிங்கை மாற்றிப் பழைய நிலைக்குப் போகலாம். ஆனால், ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுவிடுவது பத்து நிமிட வேலை. இந்த முறை மைக்ரோசாஃப்ட் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து.

உங்க கையில் இருக்கிற போன் மட்டும் என்னவாம்? 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-இன் 'டோஸ்' மோடில் இருந்தே, சும்மா கிடக்கும் போனில் ஆப்கள் நெட்டைத் தொட நேரம் ஒதுக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு 15-ல் டேட்டாவைச் சிங்க் பண்ணும் பின்னணி வேலைக்கு 24 மணி நேரத்தில் 6 மணி நேரம்தான். பெரிய பேக்கப் ஒன்று ராத்திரி முழுக்க ஓடியும் காலையில் பாதியில் நின்றால், நெட்டைத் திட்டுவதற்கு முன் ஆப்பைத் திறந்து வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிற நண்பருக்கு வீடியோ அனுப்ப நெட்டே வேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும். ஷேர்இட், செண்டர் ஆப்கள் 2020 ஜூனில் 59 சீன ஆப்களோடு தடை செய்யப்பட்ட பிறகு, அந்த வேலையை கூகுளின் குயிக் ஷேர் செய்கிறது.

எல்லை இப்போ எங்கே?

இதுதான் முக்கியமான இடம். இன்றைக்கு உங்கள் எல்லையைப் போடுவது பெரும்பாலும் நெட் கம்பெனியின் ஒரு பெட்டி. அதன் பெயர் 'சிஜிநாட்'.

பழைய முறை ஐபி முகவரிகள், அதாவது ஐபிவி4, உலகத்துக்கே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. அதனால், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஓர் அப்பார்ட்மென்ட்டுக்கு ஒரே டோர் நம்பர் கொடுத்த மாதிரி. உள்ளே யாருக்கு எது என்று பிரிக்க 'போர்ட்' எண்கள். ஒரு முகவரிக்கு மொத்தம் 65,536 போர்ட்தான். உதாரணத்துக்கு 64 வீடுகளுக்குப் பிரித்தால், வீட்டுக்குச் சுமார் 1,000. ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். நாவலூர், சிறுசேரி பக்கம் ஒரே லைனில் 40 பேர் தங்கியிருக்கிற பிஜி என்றால்? தலைக்கு 25. ஒரு போனில் வாட்ஸ்அப், இன்ஸ்டா, மெயில், நாலு பிரவுசர் டேப் திறந்தாலே அது பறந்துவிடும். அதில் ஒருத்தர் டோரன்ட் ஓட்டினால், மற்ற 39 பேருக்கும் 'பேஜ் லோட் ஆகலை'. ஸ்பீடு டெஸ்ட் மட்டும் ஜம்முனு 90 காட்டும். ஏனென்றால், அந்த டெஸ்ட்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவு இணைப்புகளே போதும்.

கேம்பஸ் பிளேஸ்மென்ட்டுக்கான ஆன்லைன் கோடிங் டெஸ்ட்டில் நடுவழியில் இணைப்பு அறுந்தால், கம்பெனி அதை ஒப்புக்கொள்ளுமா என்பது அந்தப் பையனின் அதிர்ஷ்டம். பிஜி ஓனர் "நூறு எம்பிபிஎஸ் போட்டிருக்கேன் தம்பி" என்பார். அவர் பொய் சொல்லலை. நம் நாட்டில் பிராட்பேண்ட் என்பதற்கான விளக்கமே வேகத்தை வைத்துத்தான் இருக்கிறது. 2004-ல் 256 கேபிபிஎஸ், 2013-ல் 512, 2023-ல் 2 எம்பிபிஎஸ். ஒரு முகவரியை எத்தனை பேருக்குப் பகிர்கிறோம், உங்களுக்கு எத்தனை போர்ட் என்று ஏதாவது ஒரு விளம்பரத்தில் படித்திருக்கிறீர்களா? எக்ஸ்பியின் பத்தாவது சொல்லி வைத்த எண். அதை ஈவென்ட் வியூவரில் பார்க்கவாவது முடிந்தது. சிஜிநாட் எல்லைக்கு எந்த எச்சரிக்கையும் உங்கள் திரையில் வராது.

கண்டுபிடிக்க வழி இருக்கு. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'வேன் ஐபி' என்ற இடத்தைப் பாருங்கள். அது 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தாலோ, 10-ல் ஆரம்பித்தாலோ, நீங்கள் பகிர்ந்த முகவரியில் இருக்கிறீர்கள். கூகுள் அடிக்கடி 'நீங்கள் ரோபோ இல்லையே?' என்று டிராஃபிக் சிக்னல் படங்களைக் காட்டுவதும் ஓர் அறிகுறி. அதே டோர் நம்பரில் இருக்கும் வேறு யாரோ செய்யும் சேட்டைக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள்.

பிரச்னை போர்ட்டா, லைன் அடைப்பா என்று பிரித்துப் பார்க்க, நெட்ஃப்ளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காம் தளத்துக்குப் போய், ரிசல்ட்டுக்குக் கீழே கூடுதல் தகவலைத் திறங்கள். லைன் சும்மா இருக்கும்போது ஒரு தாமதம், வேலை செய்யும்போது ஒரு தாமதம் என்று இரண்டு எண்கள் வரும். 10 மில்லி செகண்ட் என்பது 300 ஆகத் தாவினால், உங்கள் சிக்கல் அடைப்புதான். போட்டோ பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளி வையுங்கள், டோரன்ட்டில் அப்லோடுக்கு ஓர் எல்லை போடுங்கள், தங்கச்சியின் இன்டர்வியூ பிழைத்துவிடும். இரண்டு எண்களும் நன்றாக இருந்தும் பேஜ்கள் திறக்காமல் தடுமாறினால், ரவுட்டரின் மேலும் போர்ட் எண்ணிக்கையின் மேலும் சந்தேகப்படலாம்.

இதற்கு உருப்படியான தீர்வு ஐபிவி6. அதில் முகவரிப் பஞ்சமே இல்லை, பகிரவும் தேவையில்லை. 2016-ல் ஜியோ வந்தபோதே அதில்தான் பெருமளவு ஓடியது. உலகத்திலேயே ஐபிவி6 அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கு. பிஜி வைஃபையில் திணறும் அதே தளம், சில சமயம் உங்கள் மொபைல் டேட்டாவில் சட்டென்று திறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'டெஸ்ட் ஐபிவி6' என்று தேடி, அந்தத் தளத்தை வீட்டு வைஃபையில் திறந்து பாருங்கள். 10-க்கு 10 என்று வந்தால் நிம்மதி. 0 வந்தால், முதலில் ரவுட்டர் செட்டிங்ஸில் ஐபிவி6 ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள், பல ரவுட்டர்களில் அப்படித்தான் வரும். ஆன் பண்ணியும் வரவில்லை என்றால், அடுத்த முறை ரெக்கவரி பில்லோடு கஸ்டமர் கேரிலிருந்து போன் வரும்போது, 'ஐபிவி6 எப்போ தருவீங்க? என் முகவரியை இன்னும் எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கீங்க?' என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.